ஹை சேரில் பெல்ட் எதற்கு, பக்கத்தில் ஆள் எதற்கு?

குழந்தையை உட்கார வைத்து உணவூட்டும் உயரமான நாற்காலியான ஹை சேரிலிருந்து குழந்தை விழுந்துவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, "பக்கத்தில் யாருமே இல்லையா?" என்பதுதான். இத்தகைய விபத்துகள் ஆள் பக்கத்தில் இருக்கும்போதும் நடக்கின்றன என்பதால், அந்தக் கேள்வி நம்மை வெகுதூரம் அழைத்துச் செல்வதில்லை. பெற்றோரிடையே உண்மையில் குழப்பம் தருபவை வேறு இரண்டு கேள்விகள். கை எட்டும் தூரத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது பெல்ட் எதற்கு என்பது ஒன்று. தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டால் பெல்ட்டைக் கழற்றுவதிலேயே நேரம் போய்விடாதா என்பது மற்றொன்று.

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஹை சேரில் நேரும் ஆபத்துகள் வெவ்வேறு வேகத்தில் நடப்பவை. அரை விநாடியில் முடிந்துவிடும் ஆபத்துக்கு மனிதக் கண்காணிப்பு போதாது. நிமிடக் கணக்கில் நீளும் ஆபத்தைப் பெல்ட் கண்டுகொள்ளாது. எந்த ஆபத்தை எது தடுக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் மேற்சொன்ன குழப்பங்களில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

எந்தப் பகுதி எதற்காக

அமெரிக்கத் தர விதிகளின்படி, 3 வயது வரையுள்ள குழந்தைக்கானதாகவும், உட்காரும் பரப்பு தரையிலிருந்து 15 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 38 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதாகவும், தன் காலில் தானே நிற்பதாகவும் உள்ள நாற்காலியே ஹை சேர். கவனிக்க வேண்டிய பகுதிகள் நான்கு.

1. இடுப்புப் பெல்ட். குழந்தை எழுந்து நிற்பதைத் தடுப்பது இதுதான். தோள்களுக்கான பட்டைகள் இல்லாமல், இரு பக்கமும் நடுவிலுமாக மூன்று இடங்களில் இணைவது மூன்று முனைப் பெல்ட். தோள்கள் வழியாக மேலும் இரண்டு பட்டைகள் வந்தால் ஐந்து முனைப் பெல்ட்.

2. கால்களுக்கு நடுவே வரும் பட்டை. குழந்தை கீழ்நோக்கி வழுக்கி இறங்குவதைத் தடுப்பது. இடுப்புப் பெல்ட்டைப் பூட்டும்போது இதுவும் சேர்ந்தே பூட்டப்படும்படிதான் நல்ல வடிவமைப்பு இருக்கும்.

3. நடுத்தண்டு. இருக்கையிலோ ட்ரேயின் அடியிலோ பொருத்தப்பட்டிருக்கும் கெட்டியான தண்டு. பெல்ட்டைப் போல இதை யாரும் மாட்ட வேண்டியதில்லை. நாற்காலியைப் பயன்படுத்தும்போது தானாகவே குழந்தையின் கால்களுக்கு நடுவே நின்றுவிடும்.

4. ட்ரே. இது உணவு வைப்பதற்கான பலகை மட்டுமே. குழந்தையைப் பிடித்து வைப்பது இதன் வேலையில் சேராது.

நான்காவதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ட்ரேயைத் தள்ளி "டக்" என்று ஒலி கேட்டதும், குழந்தை உள்ளே பூட்டப்பட்டுவிட்டது என்ற உணர்வு நமக்கு வந்துவிடுகிறது. குழந்தைக்கோ, முன்னால் இருக்கும் அந்தப் பலகை கையூன்றி எழுவதற்கு வசதியான ஒரு பிடி. பெல்ட் போடாத குழந்தை ட்ரேயில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, முழங்காலை இருக்கையில் மடக்கி, ஒரே தள்ளில் எழுந்து நின்றுவிட முடியும். ட்ரேயின் பூட்டு அப்போதும் விலகியிருக்காது.

விழுதல்: அரை விநாடிக் கணக்கு

அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுப் பதிவுகளை வைத்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, 2003 முதல் 2010 வரையிலான ஹை சேர் காயங்களை ஆராய்ந்தது. 3 வயது வரையுள்ள குழந்தைகளில் ஆண்டுக்குச் சராசரியாக 9,400 பேருக்கு மேல் இத்தகைய காயங்களுக்காகச் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டதாக அது மதிப்பிட்டது. காயங்களில் 93 விழுக்காடு விழுந்ததால் ஏற்பட்டவை. விழுவதற்குச் சற்று முன் குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது என்ற விவரம் கிடைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நாற்காலியில் எழுந்து நின்றுகொண்டோ ஏறிக்கொண்டோ இருந்திருக்கிறார்கள். நாற்காலி உடைந்து விழுவதைவிட, உடையாத நாற்காலியில் குழந்தை எழுந்து நிற்பதுதான் பெரிய பிரச்சினை என்பது இதிலிருந்து தெரிகிறது.

எழுந்து நின்ற குழந்தை ஏன் இவ்வளவு எளிதாக விழுகிறது என்பதற்குக் காரணம் உடலமைப்பு. பிறக்கும்போது குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான். ஓரிரு வயதிலும் தலைப்பக்கம் கனம் மிகுந்தே இருக்கும். ஆகவே ட்ரேயின் விளிம்புக்கு மேலாக எட்டிப் பார்க்கும்போது உடலின் மேற்பகுதி வெளியே சாய்ந்துவிட்டால், காலால் ஊன்றி அதை மீட்டெடுக்கும் வலிமையோ சமநிலையோ குழந்தைக்கு இருப்பதில்லை. தலை முதலில் தரையில் படுவதும் இதனால்தான். மேற்சொன்ன ஆய்வில் ஹை சேர் காயங்களில் அதிகமாகக் காணப்பட்டது, வெளியே திறந்த காயமில்லாத தலைக்காயம்.

இனி நேரக் கணக்கு. 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தரையைத் தொட 0.43 விநாடி ஆகும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒருவர் கண்ணில் கண்டதற்குக் கை அசைக்கத் தொடங்கவே 0.2 விநாடிக்கு மேல் பிடிக்கும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருப்பவர் அப்படிக் காத்திருப்பவர் அல்லர். கரண்டியை விட்டு, கையை நீட்டி, நழுவும் உடலைப் பிடித்து நிறுத்துவதற்கு மிச்சமிருப்பது கால் விநாடிக்கும் குறைவு. அவர் எவ்வளவு அன்பானவர், எவ்வளவு கவனமானவர் என்பதெல்லாம் இந்தக் கணக்கை மாற்றாது. முதல் கேள்விக்கான விடை இதுவே.

நாற்காலியே கவிழ்வது

சில விபத்துகளில் குழந்தை நாற்காலியோடு சேர்ந்து பின்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. இதற்குப் பெரும்பாலும் காரணம் குழந்தையின் கால்கள். எதிரே மேசை விளிம்போ சுவரோ எட்டும் தூரத்தில் இருந்தால், இரண்டு பாதங்களையும் அதில் வைத்து உந்துவது குழந்தைக்கு நல்ல விளையாட்டு.

எவ்வளவு விசை தேவைப்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். நாற்காலி 7 கிலோ, குழந்தை 11 கிலோ, ஆக 18 கிலோ என்று கொள்வோம். மொத்த எடையின் மையத்துக்கும் பின்கால்கள் தரையைத் தொடும் இடத்துக்கும் இடையே கிடைமட்டத் தூரம் 25 சென்டிமீட்டர். குழந்தை உந்தும் இடம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரம். எனில் 18 × 25 ÷ 70, அதாவது ஏறக்குறைய ஆறரைக் கிலோ எடைக்குச் சமமான விசையே நாற்காலியின் முன்கால்களைத் தூக்கப் போதுமானது. 11 கிலோ எடையுள்ள குழந்தை எழுந்து நிற்கும்போது தன் கால்களால் அதைவிட அதிகமாகவே தள்ளுகிறது. பின்கால்கள் மேலும் 10 சென்டிமீட்டர் பின்னால் விரிந்திருந்தால் தேவைப்படும் விசை 9 கிலோவாக உயரும். அகலமாகக் கால் விரித்த நாற்காலி இடத்தை அடைத்துக்கொள்கிறது, நடப்பவர் காலை இடறுகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். அந்த அகலம்தான் நாற்காலியைக் கவிழாமல் காக்கிறது.

வழுவழுப்பான தரையில் உந்தினால் நாற்காலி பின்னோக்கி நகர்ந்துவிடக்கூடும். கம்பளத்திலோ, தரை ஓடுகளின் இடுக்கிலோ பின்கால் சிக்கியிருந்தால் நகர வழியின்றிக் கவிழும். சக்கரமுள்ள நாற்காலிகளில் சக்கரங்களை உணவு நேரம் முழுவதும் பூட்டி வைக்க வேண்டும். ஆனால் பூட்டுவதால் கவிழும் ஆபத்து நீங்கிவிடாது என்பதால், காலால் எதையும் எட்ட முடியாத இடத்தில் நாற்காலியை வைப்பதே நேரடியான வழி. ட்ரே இல்லாமல் மேசையோடு ஒட்டிப் போட வேண்டிய நாற்காலியில் இது முடியாது. அங்கே பாதங்களைத் தாங்கும் காலடிப் பலகையைக் குழந்தையின் உயரத்துக்கேற்பச் சரிசெய்து வைத்தால் மேசையை உந்தும் பழக்கம் ஓரளவு குறையும். மூத்த குழந்தை நாற்காலியின் கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் இதே விளைவைத் தரும்.

நழுவி இறங்குதல்

ஹை சேர் ஆபத்துகளில் குறைவாகப் பேசப்படுவதும், நேரும்போது மிகக் கொடியதும் இது. கால்களுக்கு நடுவே தடுப்பு எதுவும் இல்லாதபோது, குழந்தை இருக்கையில் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வழுக்குகிறது. இடுப்பும் வயிறும் ட்ரேயின் அடியிலுள்ள இடைவெளி வழியாக இறங்கிவிடும், தலை இறங்காது. அப்போது முழு உடலின் எடையும் கழுத்தில் தொங்குகிறது. இடுப்புப் பெல்ட்டை மட்டும் தளர்வாகப் போட்டு, நடுப்பட்டையை விட்டுவிட்டால், அந்தப் பெல்ட்டே மார்புக்கும் கழுத்துக்கும் ஏறிவிடக்கூடும்.

இங்கே கத்தலோ சத்தமோ இருக்காது என்பதால், ஹை சேரில் தூங்கிவிட்ட குழந்தையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அறைக்குச் செல்வது கூடாது. தூங்கினால் எடுத்துப் படுக்க வைத்துவிட வேண்டும்.

அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அறிவித்து 2019 ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்த கட்டாய விதி, ஹை சேர்களுக்குப் பெல்ட்டுடன், யாரும் மாட்டத் தேவையில்லாத நடுத்தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. பெல்ட்டும் இருக்கும்போது தண்டு எதற்கு என்று தோன்றலாம். பசியில் அழும் குழந்தையையும் ஆறிக்கொண்டிருக்கும் உணவையும் வைத்துக்கொண்டு பலர் பெல்ட்டை விட்டுவிடுகிறார்கள் என்ற நடைமுறை உண்மையை ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட விதி அது. மறதியைக் குற்றமாகப் பார்க்காமல், மறந்தாலும் உயிர் போகாதபடி பொருளை வடிவமைக்கச் சொல்வது நியாயமான அணுகுமுறை. எனினும் நடுத்தண்டு தடுப்பது வழுக்கி இறங்குவதை மட்டுமே. தண்டுக்கு மேலே கால் தூக்கி எழுந்து நிற்பதை அது தடுக்காது.

பூட்டியது போல் தெரியும் பக்கிள்

பெல்ட் இருக்கிறது, போடுகிறோம், ஆனாலும் குழந்தை வெளியே வந்துவிடுகிறது என்பவர்கள் பெல்ட்டைப் பூட்டும் கொக்கியான பக்கிளை ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது. பிளாஸ்டிக் பக்கிளின் உட்பகுதியில் இரண்டு முட்கள் உள்ளே சென்று, பக்கத்துத் துளைகளில் விரிந்து மாட்டிக்கொள்ள வேண்டும். மசித்த உணவும் பாலும் வழிந்து அந்தத் துளைகளில் காய்ந்து போனால், ஒரு முள் மாட்டிக்கொள்ள, மற்றது பாதியில் நின்றுவிடும். வெளியே பார்க்க முழுதாகப் பூட்டியது போலவே இருக்கும். குழந்தை முன்னால் சாய்ந்து இழுத்ததும் கழன்றுவிடும். வெந்நீரில் ஊற வைத்துப் பழைய பல்துலக்கியால் துளைகளைத் தேய்த்தால் இது தீரும். பூட்டிய பிறகு பெல்ட்டை ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பது, "டக்" ஒலியை நம்புவதைவிட மேலானது.

இறுக்கமும் முக்கியம். பட்டைக்கும் உடலுக்கும் இடையே ஓரிரு விரல் நுழையும் அளவே இடைவெளி இருக்கலாம். குளிருக்குத் தடித்த உடை அணிந்த நாளில் சரிசெய்த பெல்ட், மெல்லிய உடை அணிந்த நாளில் தளர்ந்துவிடும். சரியும் பட்டையைக் கட்ட முடிச்சுப் போடுவதும் ஊக்கு குத்துவதும் வேண்டாம்.

மடிக்கும் நாற்காலியில், குழந்தையை வைப்பதற்கு முன்பே கால்களை முழுமையாக விரித்து மடிப்புப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் பயன்படுத்திய நாற்காலியை வாங்குவதானால், நடுப்பட்டை உள்ளதா, திருகுகள் ஆடுகின்றனவா, உற்பத்தியாளர் அந்த மாதிரியைத் திரும்பப் பெற்றிருக்கிறாரா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். நடுப்பட்டை இல்லாத பழைய நாற்காலி எவ்வளவு உறுதியான மரத்தில் செய்யப்பட்டிருந்தாலும் அதை வாங்காமல் விடுவதே நல்லது.

மூச்சடைப்பு: நிமிடக் கணக்கு

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சிறு குழந்தையின் மூச்சுக்குழாய் உறிஞ்சுகுழலின் அகலமே இருக்கும். திராட்சை போன்ற உருண்டையான, வழுக்கும் உணவு அதை அடைத்துக்கொண்டால் காற்று முற்றிலும் நின்றுவிடும். ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் மூளை பாதிக்கப்படத் தொடங்குவது சில நிமிடங்களில். பழகிய கைக்குப் பக்கிளைக் கழற்றிக் குழந்தையைத் தூக்க இரண்டு மூன்று விநாடி போதும். அரை விநாடியில் முடியும் விபத்தைத் தடுக்கும் பெல்ட்டை, இரண்டு விநாடித் தாமதத்துக்கு அஞ்சிக் கைவிடுவது கணக்குக்கு ஒவ்வாது. குழந்தைக்கு உணவு கொடுக்கும் ஒவ்வொருவரும், தாத்தா பாட்டி உட்பட, அந்தப் பக்கிளை ஒரு கையால் கழற்றப் பழகியிருக்க வேண்டும் என்பதே அந்த அச்சத்துக்குச் சரியான பதில்.

பக்கத்தில் ஆள் இருக்க வேண்டியதன் உண்மையான காரணமும் இதுதான். முழுமையான மூச்சடைப்பு சத்தமில்லாதது. இருமுவதும், ஓங்கரிப்பதும், முகம் சிவந்து கண்ணீர் வருவதும் பெரும்பாலும் காற்று போய்வருகிறது என்பதன் அடையாளங்கள். அப்போது குழந்தையை இரும விட்டுக் கூர்ந்து பார்த்தால் போதும். அழவோ இருமவோ முடியாமல் வாய் திறந்திருப்பதும், உதடு நீலம் பாய்வதும்தான் ஆபத்து. முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் ஒருவருக்கு இருமல் கேட்கும், இந்த அமைதி கேட்காது. கைபேசியைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவரும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கிறார்.

அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியவை:

1. பெல்ட்டைக் கழற்றிக் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும். இன்னொருவர் அவசர உதவியை அழைக்க வேண்டும்.

2. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடலைவிடத் தாழ்வாக இருக்கும்படி பிடித்து, தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி, மார்பெலும்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும்.

3. ஒரு வயதைக் கடந்த குழந்தையை முன்னால் சாய்த்து முதுகில் 5 தட்டு. பிறகு தொப்புளுக்கு மேலே, விலா எலும்புகளுக்குக் கீழே 5 முறை உள்நோக்கி மேலே அழுத்தம்.

4. அடைப்பு நீங்கும் வரை இவற்றை மாறி மாறிச் செய்ய வேண்டும். நினைவிழந்தால் உடனே இதய நுரையீரல் மீட்பு (சி.பி.ஆர்.) முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். இந்த முதலுதவிகளைப் படித்து மட்டும் வைத்துக்கொள்ளாமல், பயிற்சி வகுப்பில் பொம்மையின் மீது ஒருமுறை செய்து பார்த்திருப்பது பெரிதும் உதவும்.

தடுக்கும் பக்கத்தில் ஹை சேருக்கும் ஒரு பங்கு உண்டு. முதுகு நிமிர்ந்து, பாதங்கள் பலகையில் ஊன்றி உட்கார்ந்திருக்கும் குழந்தை, சாய்ந்தோ ஓடியாடியோ சாப்பிடும் குழந்தையைவிடப் பாதுகாப்பாக விழுங்குகிறது. ஆகவே சாய்வு வசதியுள்ள நாற்காலியானாலும் திட உணவு கொடுக்கும்போது சாய்க்கக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குவது, கேரட் போன்ற கெட்டியான காய்களை வேக வைப்பது, முழுப் பருப்புக் கொட்டைகளையும் பாப்கார்னையும் 4, 5 வயது வரை தவிர்ப்பது ஆகியவை பரவலாக மருத்துவர்கள் சொல்பவை.

கைக்கு எட்டுபவை

ஹை சேரில் உட்கார்ந்ததும் குழந்தையின் கை மேசையின் உயரத்துக்கு வந்துவிடுகிறது. புதிதாக ஊற்றிய தேநீர் கால் மணி நேரம் கழித்தும் குழந்தையின் தோலைப் புண்ணாக்கும் சூட்டில் இருக்கக்கூடும். மேசைவிரிப்பு இன்னும் மோசமானது. எட்டாத கோப்பையையும் அது எட்ட வைத்துவிடும். சன்னல் திரையின் கயிறு, மின்கம்பி, அடுப்பு ஆகியவற்றிலிருந்தும் நாற்காலி விலகியிருக்க வேண்டும். ட்ரேயைப் பொருத்தும்போது குழந்தையின் விரல்கள் ஓரத்தில் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும்.

மேசையில் மாட்டும் இருக்கைகளுக்குக் கால்களே கிடையாது; மேசைதான் அவற்றின் கால். அதனால் கண்ணாடி மேசை, ஒற்றைத் தண்டு மேசை, இலகுவான மடிப்பு மேசை, விரிப்பு போட்ட மேசை ஆகியவற்றில் அவற்றை மாட்டக் கூடாது. அடியில் வேறொரு நாற்காலியைப் போட்டு வைத்தால் குழந்தை அதில் காலை ஊன்றி இருக்கையையே பெயர்த்துவிடும். இது பாதுகாப்பு என்று எண்ணிப் பலர் செய்யும் தவறு.

விழுந்துவிட்டால்

தலைக்காயத்தில் எந்தக் குழந்தைக்கு ஸ்கேன் தேவை என்று தீர்மானிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் வழிகாட்டுதல்களில் ஒன்று, 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியானது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 0.9 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுவதை அது கடுமையான விபத்து வகையில் சேர்க்கிறது. பெரிய குழந்தைகளுக்கு அந்த அளவு 1.5 மீட்டர். ஹை சேரின் இருக்கையில் எழுந்து நிற்கும் குழந்தையின் தலை 0.9 மீட்டரை எளிதில் தாண்டிவிடுகிறது. ஆகவே "நாற்காலியிலிருந்து விழுந்தான்" என்று மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல், உட்கார்ந்திருந்தானா நின்றிருந்தானா, எந்தத் தரையில் விழுந்தான், உடனே அழுதானா என்பதையும் சொல்ல வேண்டும்.

நினைவிழத்தல், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, காது மூக்கிலிருந்து நீரோ இரத்தமோ வடிதல், உச்சிக்குழி புடைத்தல், கண்மணிகள் சமமில்லாமை, தலையின் பக்கவாட்டில் மெத்தென்ற வீக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எதுவும் இல்லையென்றாலும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தலையில் அடிபட விழுந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது. பிறகு ஓரிரு நாள் குழந்தையின் போக்கைக் கவனித்துவர வேண்டும்.

தொடக்கமும் முடிவும்

தலையைத் தானே நிமிர்த்திப் பிடித்து, சிறு தாங்கலோடு உட்காரத் தொடங்கிய பிறகே ஹை சேர் பொருத்தமானது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 6 மாத அளவில் வரும். உலக சுகாதார நிறுவனம் இணை உணவைத் தொடங்கச் சொல்லும் வயதும் அதுவே. நிறுத்துவதற்கு வயதைவிட இரண்டு அறிகுறிகள் உதவும். உற்பத்தியாளர் குறித்த எடை வரம்பை எட்டுவது ஒன்று. பெல்ட்டைக் குழந்தை தானே கழற்றக் கற்றுக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது நேர்ந்த நாளில் அந்த நாற்காலியில் பெல்ட் இல்லை என்றே கொள்ள வேண்டும். கால் தரையைத் தொடும் தாழ்வான நாற்காலிக்கு மாற்றிவிடலாம்.